சுவரில் எழுதிய விடுதலை

வட அயர்லாந்தின் தெர்ரி நகரில் தனிச்சுவர் ஒன்று நிற்கின்றது. அது ஒரு வீட்டின் பக்கச்சுவர். வீடும் அதனை அடுத்திருந்த வீடுகளும் இடிக்கப்பெற்ற பின்னும் அச்சுவரை மட்டும் மக்கள் விட்டுக்கொடுத்திலர். காவல்துறையின் கொடுமையை எதிர்த்துக் கத்தோலிக்க மக்கள் தெருக்களில் தடையரண் எழுப்பிய 1969 சனவரியில், 'விடுதலை பெற்ற தெர்ரிக்குள் நுழைகின்றீர்கள்' என்று அதன்மேல் தீட்டினர். பிரித்தானிய ஆட்சி இவ்வெல்லைக்குள் செல்லாது என்பது அதன் பொருள். ஆனால், அவ்வறிவிப்பு எழுதப்பெற்ற மொழி எது? ஆங்கிலம்!

சுவரோவியம் அந்நாட்டிற்குப் புதிதன்று. பிரித்தானிய இணைப்பை விரும்பும் சீர்திருத்தக் கிறித்தவர், 1690ஆம் ஆண்டுப் பாயின் ஆற்றுப் போரில் வென்ற மூன்றாம் வில்லியத்தை 1908 முதலே பெல்பாசுட்டுச் சுவர்களில் வெண்குதிரைமேல் ஏற்றிவைத்தனர். (அவ்வில்லியம் ஓர் ஒல்லாந்தன் என்பதை அக்குதிரையேனும் அறியுமோ என்னவோ!) கத்தோலிக்கர் பெருவாரியாகத் தூரிகை எடுத்தது 1981இல்தான். செய்தித்தாளும் வானொலியும் தம் குரலுக்குப் போதிய இடந்தாராதபோது சுவரையே தாளாகக் கொண்ட மக்களைக் குறைகூறுவார் யார்? ஆயினும், முகமூடி அணிந்து துமுக்கி நீட்டி நிற்கும் உருவங்களை இருசாராரும் தீட்டிவைத்ததை எவ்வாற்றானும் ஒப்புதற்கில்லை. அத்துமுக்கிகளின் முன்னே பள்ளிப் பிள்ளைகள் நாளும் நடந்து சென்றனர். 3,500க்கு மேற்பட்டோர் மாண்ட அப்பூசலில், ஒரு தெருவின் நினைவுக்கல் அடுத்த தெருவின் சாவை அறியாது.

1981இல் மேசு சிறையில் பத்து இளைஞர் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தனர். அவர்களுள் முதல்வர் பாபி சாண்டுசு. நோன்பின் இடையே பிரித்தானியப் பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, 66ஆம் நாள், மே 5 அன்று மறைந்தார். பெல்பாசுட்டு பால்சு சாலையோரச் சுவரில் அவர் முகம் இன்றும் நகைக்கின்றது. அதனருகே அவரைக் குறித்தெழுதிய ஆங்கில வரியின் இடையே ஐரியச் சொல்லொன்று நிற்கின்றது. 'ஐரிய மொழியாளர்' என்பது அதன் பொருள்.

அச்சொல் வெறும் அணியன்று. சிறையுடை மறுத்துக் கம்பளி போர்த்திருந்த அக்கைதிகட்குத் தாளில்லை, நூலில்லை. ஐரியம் அறிந்தவர் கதவிடுக்கின் வழியே உரக்கக் கூவினர். அறியாதவர் கேட்டுச் சுவரில் கீறிக் கற்றனர். சாண்டுசும் அவ்வாறு பிறர்க்குக் கற்பித்தவரே. அச்சிறைச் சுவரெழுத்தே, தெருவிலுள்ள வண்ணச் சுவர்கள் அனைத்தினும் உயர்ந்தது.

உலகம் அறியவே ஆங்கிலத்தில் எழுதினர் என்பாருளர். உண்மையே. ஐரியத்தில் எழுதிய சுவர்களும் இல்லாமலில்லை. ஆனால், ஊரார் நாவில் வழங்காத மொழியை ஊர்ச்சுவர் எத்துணை நாள் தாங்கும்? ஐரியத்தில் தெருப்பெயர்ப் பலகை வைத்தலையே 1949ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. அத்தடை நீங்கியது 1995இல். அதுவரை காத்திராமல், பெல்பாசுட்டு சாசு சாலையில் சில குடும்பத்தார் 1969 முதல் ஒருங்கே வீடுகட்டி, இல்லத்தில் ஐரியமே பேசி வாழ்ந்தனர். 1971இல் தம் பிள்ளைகட்கு ஐரியவழிப் பள்ளியும் தொடங்கினர். அரசு அதற்குப் பணந்தர 1984 வரை ஆயிற்று. அம்மொழிக்குச் சட்ட ஏற்பு கிடைத்ததோ 2022 திசம்பரில்! அதற்கு 51 ஆண்டுகட்கு முன்பே அப்பள்ளிப் பிள்ளைகள் ஐரியத்தில் எண்ணத் தொடங்கியிருந்தனர்.