இரும்புக்கும் நினைவுண்டு

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்தில், உறவினர் இல்லமொன்றிற் சில வாரங்கள் தங்கியிருந்தோம். அயல்வீட்டு வளவில் ஒரு கொட்டகை இருந்தது. அதனுள்ளே 1973ஆம் ஆண்டின் பெருங்கார் ஒன்று சில்லுகளின்றிக் கட்டைகளின்மேல் நின்றது. கதவுகள் ஒருபுறம், ஆசனங்கள் மறுபுறம், சுவரோரம் பேணி பேணியாகத் திருகாணிகள். வீட்டுக்காரர் இளமையில் தம் தந்தையாரோடு அத்தகைய வண்டியிற் பயணஞ் செய்தவராம். ஓய்வு பெற்றதும் அதே மாதிரியைத் தேடி வாங்கி, ஒரே கோடையில் முழுவதையும் கழற்றிவிட்டார். திரும்பப் பூட்டுவதற்குப் பதினொரு கோடைகளும் அவருக்குப் போதவில்லை. “எந்தத் திருகாணி எவ்விடத்துக்குரியது என்பதை மறக்கமாட்டேன் என்று எண்ணியிருந்தேன்” என்று எம்மிடம் கூறிச் சிரித்தார். அடுத்த ஆண்டு அவர் காலமானார். மனைவியார் அனைத்தையும் பழைய இரும்பு வாங்குவோருக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டார் எனப் பின்னர் அறிந்தோம்.

அம்மனிதரின் உழைப்பிற் குறையில்லை, அன்பிலுங் குறையில்லை. அவர் தவறியது இரண்டே இடங்களில். எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதை அறியாமல் வாங்கினார். எவ்விடத்தில் நிறுத்தவேண்டும் என்பதை அறியாமற் கழற்றினார். பழைய பொருளொன்றைப் புதுப்பிக்க முனையும் எவருக்கும் இவ்விரண்டும் பாடமாகும். ஆதலின் இவ்வாரம் அப்பெருங்கார்களைப் பற்றியே நேயர்களுடன் பேச விரும்புகின்றோம்.

உயர்வும் தாழ்வும்

1970களின் தொடக்கத்தில், ‘முழு அளவு’ எனப் பெயர் பெற்ற அமெரிக்கக் குடும்பக் கார் நம்மவர் கண்ணுக்கு ஒரு சிறு மண்டபமாகவே தோன்றும். செவர்லே கப்ரிஸ் 18 அடிக்கு மேல் நீளமுடையது. லிங்கன் கொன்டினென்டல் 19 அடியையும் விஞ்சியது. 1976ஆம் ஆண்டின் கடிலாக் எல்டொராடோ 500 கன அங்குல எஞ்சினைக் கொண்டிருந்தது; அஃதாவது 8.2 லீற்றர். முன்னும் பின்னும் நீண்ட ஆசனங்கள். ஆறு பேர் தோள் இடியாமல் அமரலாம். பெற்றோல் மலிந்திருந்த காலத்தின் பிள்ளைகள் அவை.

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. விலை ஏறிற்று, பெற்றோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. 1974இன் தொடக்கத்தில் மணிக்கு 55 மைல் என்னும் வேகவரம்பு சட்டமாயிற்று. 1975இன் இறுதியிற் கார்கள் ஒரு கலன் எரிபொருளுக்கு இத்தனை மைல் ஓடவேண்டுமெனச் சட்டம் பிறந்தது. 1977ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டோர்ஸ் தன் பெருங்கார்களைச் சுருக்கிற்று. கப்ரிஸ் 10 அங்குலத்துக்கு மேல் நீளத்தையும், 600 இறாத்தலுக்கு மேல் எடையையும் இழந்தது. போர்ட், கிரைஸ்லர் ஆகியவை 1979இல் அவ்வழியே சென்றன. பழைய பெருங்கார்கள் மதிப்பிழந்தன. ஒன்றையொன்று மோதிச் சிதைக்கும் விளையாட்டுப் போட்டிகளிற் பல அழிந்தன. குடும்பம் முழுவதையும் ஏற்றிச் சென்ற வண்டி, கூட்டத்தின் கைதட்டலுக்காக நொறுக்கப்பட்டது. எஞ்சியவற்றை மீட்கச் சிலர் இன்று பாடுபடுவதன் காரணம் இதுவே.

எவ்வாண்டு வண்டி?

வாங்க விரும்புவோர் முதலில் ஆண்டைத் தீர்மானித்தல் நன்று. 1972இல் எஞ்சினின் வலுவைக் குறிக்கும் முறை மாறிற்று. அதற்கு முன் துணைக் கருவிகளை நீக்கி, வெற்று எஞ்சினை மேடையில் வைத்து அளந்தனர். பின்னர் வண்டியில் இருக்கும் கோலத்திலேயே அளந்தனர். ஆகவே 1971இன் எண்ணையும் 1972இன் எண்ணையும் அருகருகே வைத்து, வலு முழுதும் போயிற்றென மயங்கலாகாது.

1973இல் முன் பம்பரும், 1974இற் பின் பம்பரும் மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்கவேண்டுமென விதி வந்தது. அதன்பின் வந்த பம்பர்கள் தடித்தவை, பாரமானவை. முன்னைய மெல்லிய பம்பரின் அழகை விரும்புவோர் 1972ஐத் தாண்டாதிருப்பர். 1975இற் பெரும்பாலான கார்களிற் புகையைச் சுத்திகரிக்கும் கருவி சேர்க்கப்பட்டது. அவற்றுக்கு ஈயமற்ற பெற்றோலே உரியது. கலிபோர்னியா மாநிலத்தில் 1975 வரையிலான மாதிரிகள் காலந்தோறும் நிகழும் புகைச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவை. 1976 முதலானவை சோதனைக்கு உட்படவேண்டும். ஓராண்டு வேறுபாடு ஒருவருடைய வாழ்நாள் அலைச்சலைத் தீர்மானிப்பதைப் பாருங்கள்.

கூரை மடிக்கும் வண்டிகளும் இரு கதவு வண்டிகளும் பெருவிலை பெறுவன. செவர்லேயின் பெரிய மடிகூரை வண்டி 1975உடன் நின்றது. எல்டொராடோ மடிகூரை 1976உடன் நின்றது. நான்கு கதவு வண்டியோ குறைந்த விலைக்குக் கிடைக்கும். பிள்ளைகளை ஏற்றிச் செல்ல விரும்பும் குடும்பத்துக்கு அதுவே போதும். அதுவே பொருத்தமும் ஆகும்.

உப்பிட்ட பாதை

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. மிச்சிகன், ஒகாயோ, நியூயோர்க் போன்ற மாநிலங்களிற் பனிக்காலத்தில் உறைபனியைக் கரைக்கத் தெருவெங்கும் உப்பைத் தூவுவர். அவ்வுப்பிட்ட பாதையை இரும்பு உள்ளளவும் மறப்பதில்லை. வண்டியின் அடியில் ஒட்டிய உப்பு ஈரத்தோடு கூடிக் கறளாகி, வெளிப்பூச்சு மின்னிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து தின்னும்.

அரிசோனா, நெவாடா முதலிய வறண்ட மாநிலங்களின் கதை வேறு. அங்கே வெயில் ஆசனத்தைக் கிழிக்கும். முகப்புப் பலகையை வெடிக்கச் செய்யும். வண்ணத்தை வெளிற வைக்கும். எனினும் இரும்பு பிழைத்திருக்கும். வெயில் தின்றதைத் தையற்காரர் திருத்துவார். உப்புத் தின்றதைத் திருத்தக் கொல்லருந் தயங்குவார். ஆகவே பளபளக்கும் வடக்கு வண்டியையும் வெளிறிப்போன பாலைவன வண்டியையும் ஒரே விலைக்குக் காட்டினால், பின்னதையே வாங்குக.

எவ்விடங்களிற் பார்ப்பது? தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க. பின் டிக்கியின் தளத்தைப் பார்க்க. சில்லுகளுக்குப் பின்னாலுள்ள மட்காட்டின் கீழ்விளிம்பைத் தட்டிப் பார்க்க. அக்காலத்தில் நாகரிகமாயிருந்த வைனில் போர்த்திய கூரை பெரும் வஞ்சகன். அதன் அடியிற் புகுந்த நீர் வெளியேறாமற் பின் கண்ணாடியின் விளிம்பை அரிக்கும்; அங்கிருந்து டிக்கிக்குள் ஒழுகும். மெல்லிய துணியிற் சுற்றிய காந்தமொன்றை உடலெங்கும் நகர்த்துக. எங்கே அது ஒட்டவில்லையோ, அங்கே தகரத்துக்குப் பதிலாகப் பூச்சுக்களி நிரப்பப்பட்டிருக்கிறது என்றறிக.

இங்கே அமைப்பு வேறுபாடொன்றுண்டு. ஜெனரல் மோட்டோர்ஸ், போர்ட் நிறுவனங்களின் பெருங்கார்களிற் கனத்த அடிச்சட்டத்தின்மேல் உடல் தனியே பூட்டப்பட்டிருக்கும். கிரைஸ்லர் நிறுவனத்தின் பெருங்கார்களிற் சட்டமும் உடலும் ஒன்றாகவே ஒட்டியவை. முன்னவற்றிற் சட்டம் உறுதியாயிருந்தால் தரை ஓட்டையை ஒட்டுப்போட்டுத் தப்பலாம். பின்னவற்றில் தரையே தாங்கும் எலும்பாதலின் ஓட்டை ஆபத்தாகும்.

விற்பவரின் உரிமைப் பத்திரத்திலுள்ள வரிசை எண்ணை, ஓட்டுநர் பக்க முன்கண்ணாடியின் கீழே காணப்படும் எண்ணோடு ஒப்பிடவும் மறவற்க. பதினேழு இலக்கப் பொதுமுறை 1981இலேயே வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிமுறை வைத்திருந்தது. வாங்குமுன் அம்முறையைப் படித்துக்கொள்ளல் வேண்டும்.

எஞ்சினுக்கு அஞ்சற்க

புதியவர்கள் எஞ்சினைக் கண்டே அஞ்சுவர். உண்மை அதற்கு மாறானது. செவர்லேயின் 350 கன அங்குல எஞ்சினுக்கு உறுப்புகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: சத்தத்தைக் குறைக்கும் பொருட்டு அக்கால எஞ்சின்கள் பலவற்றில், எஞ்சினின் கதியை ஒழுங்குபடுத்தும் பற்சக்கரத்தின் பற்களுக்கு நைலோன் பூசியிருந்தனர். முதுமையில் அது நொறுங்கி எண்ணெய்த் தொட்டியில் விழும். வாங்கியவுடன் அதை இரும்புச் சக்கரமாக மாற்றிவிடுதல் அறிவுடைமை.

அஞ்சவேண்டியது வேறு: கண்ணாடியைச் சுற்றியோடும் ஒளிர்கம்பி, பின்விளக்கின் மூடி, கதவின் உட்பலகை ஆகியவை. சிறிய ஓட்டக் கார்களுக்கு இவற்றைப் புதிதாக வார்த்து விற்போர் பலருளர். நான்கு கதவுப் பெருங்கார்களுக்குச் செய்வோர் மிக அரியர். நாகக் கலவையில் வார்த்த அணிகள் கொப்புளித்துப்போனால் மறுபடி முலாம் பூசுதல் பெருஞ் செலவு. ஓடாத ஆயினும் உறுப்புக் குறையாத வண்டி, ஓடுகின்ற ஆயினும் பாதி உறுப்பிழந்த வண்டியிலும் மேலானது.

தொடங்கும் முறை

வண்டி வீடு வந்ததும் எஞ்சினை முழங்கச் செய்யும் ஆசை எழும், அதை அடக்குக. முதல் வேலை பிறேக். பிறேக் திரவம் காலப்போக்கில் நீரை உறிஞ்சி உட்குழாய்களை அரிக்கும்; றப்பர்க் குழாய்கள் உள்ளே வீங்கியிருக்கும். நிறுத்த முடியாத இரண்டு தொன் இரும்பை ஓட்டுவது வீரமன்று. அக்காலப் பிறேக் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. ஆதலின் அதன் தூசியைக் காற்றால் ஊதுதல் கூடவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ்ப் படுத்தலும் கூடாது; உறுதியான தாங்கிகள் வேண்டும். மாணவர்கள் இவ்விரண்டையும் மனத்திற் பதித்துக்கொள்க.

பின்னரே எஞ்சின். பழுதான பழைய பெற்றோலை வடித்துவிட்டு, தீப்பொறிச் செருகிகளை நீக்கிச் சிறிது எண்ணெய் ஊற்றி, ஒருநாள் பொறுத்துக் கையாற் சுழற்றிப் பார்க்கவேண்டும். சுழலாததைப் பற்றறியின் வலுவாற் சுழற்ற முயன்றால் உள்ளே முறியும். டயர் புதிதுபோற் காணப்பட்டாலும் அதன் பக்கத்திலுள்ள எண்ணைப் பார்க்க. 2000ஆம் ஆண்டு முதல் இறுதி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் குறிப்பன.

அதன்பின் ஒருபோதும் வண்டி முழுவதையும் கழற்றற்க. ஒரு மாதம் பிறேக், ஒரு மாதம் குளிரூட்டும் நீர்க்குழாய், ஒரு மாதம் ஒரு கதவு என ஒன்றை முடித்தே மற்றொன்றைத் தொடுக. இடையிடையே வண்டி தெருவிலே ஓடவேண்டும். பிள்ளைகள் அதில் ஏறவேண்டும். ஓடும் வண்டி ஊக்கமளிக்கும். கட்டைமேல் நிற்கும் வண்டி மனத்தைத் தின்னும். நான்கு கதவு வண்டிக்கு இடும் பணம் விற்கும்போது பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே இல்லத்தரசியாரிடம் சொல்லிவிடுதல் நேர்மை. யானை வாங்கியபின் அங்குசத்துக்குப் பேரம் பேசுவதிற் பயனில்லை.

கழற்றுமுன் கைத்தொலைபேசியாற் படம் பிடிக்க. கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் பையிலிட்டுப் பெயரெழுதி, தேதியும் குறிக்க. இது மறதிக்கு மட்டும் மருந்தன்று. மிச்சிகன் கொட்டகையிலிருந்த பேணிகளின்மேற் பெயர்கள் இருந்திருந்தால், அவர் போனபின் யாரோ ஒருவர் தொடர்ந்து பூட்டியிருக்கலாம். பெயரில்லாமையால் அவரது பதினொரு கோடை உழைப்பு வெறும் இரும்பின் நிறையாயிற்று.

நாம் தொடங்கும் வேலைகளிற் சில நம் காலத்தில் முடியாமற் போகலாம். அடுத்து வருபவர் கையிலெடுத்துத் தொடரத்தக்க ஒழுங்கில் அவற்றை வைத்துச் செல்லுதல், காரைப் புதுப்பிப்போருக்கு மட்டுமன்றி நம் எல்லோருக்கும் உரிய கடமையாகும்.