வரைந்ததல்ல சார், 20 வினாடி!

போன வாரம் ஒரு புகைப்படப் போட்டியில் என் படத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். ராத்திரி நேர மேம்பாலம். வண்டிகளே தெரியாது, சிவப்பும் வெள்ளையுமாக வெளிச்சக் கோடுகள் மட்டும். "இதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை, உண்மையான படம் இல்லை" என்பது தீர்ப்பு. பரிசு போனால் போகட்டும். ஏமாற்றுக்காரன் என்ற பட்டத்தோடு வீட்டுக்கு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். டிஜிட்டல் கேமராவை ட்ரைபாடில் மாட்டி, ஐஎஸ்ஓ 100, எஃப்/11 வைத்து, ஷட்டரை 20 வினாடி திறந்து வைத்தேன். கார் எந்த இடத்திலும் நிற்காததால் அதன் உடம்பு பதியவில்லை. விளக்கு பிரகாசமானது, போன வழியெல்லாம் கோடு போட்டுவிட்டது. அதில் ஒரு கோடுகூட நான் வரைந்ததில்லை.

"கண்ணுக்கு அப்படித் தெரியாதே?" என்கிறார்கள். சரி. 1/2000 வினாடியில் எடுத்த படத்தில் தண்ணீர்த் துளி அந்தரத்தில் கண்ணாடிக் கோலிக்குண்டு மாதிரி நிற்கிறதே, அது மட்டும் யார் கண்ணுக்குத் தெரிகிறது? அதற்குக் கைதட்டல், இதற்குத் தண்டனையா?

1838ல் தாகேர் பாரிஸ் தெரு ஒன்றைப் படமெடுத்தார். பல நிமிட எக்ஸ்போஷர். ஜனநடமாட்டம் உள்ள தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஆசாமி மட்டும் பளிச்சென்று மிஞ்சினார். அன்றைக்கு எந்த சாஃப்ட்வேர் இருந்தது?

நான் காமர்ஸ் மாணவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். மார்ச் 31 அன்று நிலைமை என்ன என்று சொல்வது பேலன்ஸ் ஷீட். வருஷம் முழுக்க என்ன நடந்தது என்று சொல்வது லாப நஷ்டக் கணக்கு. பின்னதில் எந்த ஒரு நாளும் தனியாகத் தெரியாது. அதற்காக அதைப் பொய்க்கணக்கு என்று எந்த ஆடிட்டராவது சொல்வாரா? சாதாரண படம் அந்த பேலன்ஸ் ஷீட். என் படம் 20 வினாடியின் லாப நஷ்டக் கணக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அருவியைக் கண்ட இடத்திலெல்லாம் பால் ஊற்றியது போல எடுத்துத் தள்ளுகிறார்கள். சலித்துவிட்டது என்று சொல்லுங்கள், நானும் கூடவே தலையாட்டுகிறேன். ஆனால் சலிப்பு வேறு, பொய் வேறு.

சந்தேகம் வந்தால் ஒரிஜினல் ஃபைலைக் கேளுங்கள் சார். எத்தனை வினாடி என்பது அதிலேயே பதிந்திருக்கிறது. கேட்காமலே தீர்ப்பு எழுதுவதுதான் அநியாயம்.

அடுத்த வருஷமும் அனுப்பத்தான் போகிறேன். இந்த முறை 30 வினாடி :-)