நடைப்பயணத்துக்கு எந்த அடுப்பு?

புரட்டாசி வந்தால் எங்கள் வல்லம் வடகாலில் இருந்து திருவள்ளூர், திருத்தணி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு நடந்து போவோம். நடப்பது எல்லோரும். 'எந்த அடுப்பை எடுத்துப் போவது' என்று மண்டையை உடைத்துக் கொள்வது மட்டும் பெண்கள்!

மாமியார் காலத்தில் பித்தளை பம்ப் ஸ்டவ்வும் ஒரு டின் மண்ணெண்ணெயும் போகுமாம். கனம் ஒரு பக்கம், எப்போது குப்பென்று பற்றுமோ என்ற பயம் மறுபக்கம். மழையில் விறகு கேட்கவே வேண்டாம்.

போன வருஷம் கொழுந்தனார் ஒரு கேன் ஸ்டவ் வாங்கி வந்தார். ஸ்ப்ரே டப்பா மாதிரி கேன்; உள்ளே 220 கிராம் பியூட்டேன் கேஸ். கனமே தெரியவில்லை. காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 15 கிராம்தான் ஆகும். நம் ரோட்டோரத்தில் காற்றில்லாத இடம் ஏது? லாரி ஒன்று போனாலே தீ படுத்துவிடும். தகரத்தை வளைத்துச் சுற்றிலும் அடைத்தார் கொழுந்தனார். சற்று நேரத்தில் கேனைத் தொட்டால் சூடு! 50 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்று கேனிலேயே போட்டிருக்கிறது. காற்று வரும் பக்கம் மட்டும்தான் மறைக்க வேண்டும்.

இதைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில், "அண்ணி, சின்ன டப்பாதானே, துணிக்குள்ள சுத்தி வச்சுக்குங்க" என்றார் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி மதுரை ஸ்டேஷனில், லக்னோவில் இருந்து வந்த யாத்திரிகர்களின் ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்களே, மறந்து விட்டதா? விடியற்காலையில் டீ போடப் பற்றவைத்த அடுப்பு. ரயிலில் கேஸ், மண்ணெண்ணெய், ஸ்டவ் எதுவுமே கூடாது. கேஸ் சின்ன டப்பாவில் இருந்தால் மட்டும் எரியாதா?

"நான் ஏற மாட்டேன்" என்று நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரருக்குக் கோபமான கோபம். கடைசியில் வாசலில் தள்ளுவண்டி வைத்திருந்த ஒரு அம்மாவிடம் ஸ்டவ்வையும் கேனையும் கொடுத்துவிட்டு ஏறினோம். ஊர் வரும்வரை யாரும் என்னோடு பேசவில்லை.

ஆகவே தோழியரே, அடுப்பு வாங்கும்போது போகிற கனத்தை மட்டும் பார்க்காதீர்கள். அது எப்படித் திரும்பி வரும் என்று முதலில் கேளுங்கள். இந்த முறை சாமான் ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி பேசியாயிற்று. 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் அதிலேயே போய் அதிலேயே திரும்பும். சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்திக் கட்ட வேண்டும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும். வண்டி இல்லாமல் போகிறவர்களுக்கு என்னைக் கேட்டால் அடுப்பே வேண்டாம். அவல், வெல்லம், வறுத்து அரைத்த சத்துமாவு போதும். டீக்கடைக்கா நம் ஊரில் பஞ்சம்? மலைமேல் அன்னதானமும் இருக்கிறது.

கொழுந்தனார் மட்டும் இன்னமும் அந்த ஸ்டவ்வின் விலையைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார்.

- ஒரு வாசகி, வல்லம் வடகால்.