ஏஜென்சி எடுக்கும் முன்

கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கூட்டு நமக்கு எதற்கு என்று வணிகப் பெருமக்கள் ஒதுக்க வேண்டாம். 1981-ல் ஐபிஎம் சிறு கம்ப்யூட்டரை விற்பனைக்கு இறக்கியபோது, அதை இயக்கும் டாஸ் மென்பொருளைக் கொடுத்தது, அன்று சின்னக் கம்பெனியான மைக்ரோசாப்ட். அதையே பிறருக்கும் விற்கும் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. பின்னால் காம்பேக் போன்றவர்கள் அதே மாதிரிப் பெட்டியோடு போட்டிக்கு வந்தார்கள்; டாஸ் அவர்களுக்கும் போயிற்று. பெட்டியை யார் விற்றாலும் மைக்ரோசாப்டுக்குக் காசு! ஐபிஎம் 2005-ல் அந்த வியாபாரத்தையே சீனாவின் லெனோவோவிடம் விற்றுவிட்டது.

மைக்ரோசாப்ட் ஏமாற்றியது என்று நாம் சொல்லமாட்டோம். எழுதியபடிதான் நடந்தது. டெபாசிட் கட்டி ஏஜென்சி எடுக்கிறோமே, அதே சரக்கை அடுத்த தெருவிலும் இறக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, எழுதி வாங்க வேண்டும். மானேஜர் நல்லவர்தான், அவர் மாற்றலாகிப் போனால்?