தொப்பிக்கு எந்தக் காரணம்?

மெல்பேர்ணில் படித்து வளர்ந்த எங்களுக்குத் தொப்பி புதிதல்ல. பிடரியை மூடத் துணி தொங்குமே, அந்தத் தொப்பியைக் கொண்டுபோகாத நாளில் இடைவேளை முழுக்க நிழலில்தான் இருக்கவேண்டும். "தொப்பி இல்லையெண்டால் விளையாட்டும் இல்லை" என்பது இன்றும் பல ஆரம்பப் பள்ளிகளில் சட்டம். 1981இல் விக்டோரியப் புற்றுநோய்ச் சபை ஒரு கடற்பறவையைப் பாடி ஆடவைத்துத் தொடங்கிய பிரசாரத்தின் தொடர்ச்சி அது. சட்டை, கிரீம், தொப்பி என்று மூன்றாக இருந்தது, 2007இல் நிழலும் கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்து ஐந்தானது.

வீட்டில் அம்மா தொப்பி தந்த காரணம் வேறு. "வெய்யிலுக்க நிண்டு கறுத்துப்போடாதை பிள்ளை." காரணம் எதுவாக இருந்தாலென்ன, தொப்பி தலையில் இருந்தால் சரிதானே என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கறுத்துப்போகும் என்ற பயம் சூட்டைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. இங்கே சூடும் யூவியும் சேர்ந்து வருவதில்லை. டிசம்பரில் மெல்லிய முகில் போட்டு, குளிர்காற்று வீசி, 20 பாகைக்கு மேல் போகாத நாளிலும் யூவி 8, 9 என்று நிற்கலாம். "இண்டைக்கு வெய்யில் இல்லைத்தானே" என்று அம்மம்மாமார் பிள்ளையை வெறுந்தலையோடு பூங்காவுக்கு விடுவது இப்படியான நாளில்தான். ஜூலையில் வெளிச்சம் பளிச்சென்று இருக்கும், யூவி 3ஐயே எட்டாது. அன்றைக்குப் பார்த்து "உள்ளுக்க வா" என்று கூப்பிடுவார்கள். எங்கள் தோலுக்கு விற்றமின் டி உண்டாக்கக் கூடுதல் வெயில் வேண்டும். குளிர்காலத்தில் பிள்ளையை வெளியில் விடத்தான் வேண்டும்.

வெள்ளைக்காரப் பிள்ளையை விட எங்கள் பிள்ளைக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு நன்றாகக் குறைவு. அதை மறைத்துப் பயமுறுத்தத் தேவையில்லை. ஆனால் எங்கள் தோலும் எரியும். சிவப்பாகத் தெரியாததால், இரவு குளிக்க வார்க்கும்போது பிள்ளை கத்தினால்தான் எங்களுக்குத் தெரியவரும். கண்ணைக் காப்பாற்றத் தோலின் நிறம் உதவாது.

என் மகளுக்கு ஆறு வயது. போன கோடையில் காரில் வைத்துக் கேட்டாள்: "அம்மா, தொப்பி போடாட்டில் நானும் அம்மம்மா மாதிரி வந்திடுவனோ?"

அம்மம்மா முன் சீட்டில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் நிறம் கூடியவர் அவர்தான். கலியாணம் பேசின காலத்தில் அதற்காகக் கேட்ட கதைகளில் பாதியைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார். பேத்திக்கு அந்த நிலை வரக்கூடாது என்ற பாசம்தான் அவர் வாயில் அப்படி வருகிறது. பிள்ளையின் காதில் விழுந்ததோ, அம்மம்மாவின் நிறம் ஒரு வருத்தம், தொப்பி போட்டால் தப்பலாம் என்பது.

அம்மாவோடு நான் சண்டை பிடிக்கவில்லை. அவரின் போனில் யூவி காட்டும் ஆப்பைப் போட்டுக் கொடுத்து, "3 வந்தால் தொப்பி, அதுக்குக் கீழ எண்டால் விளையாடட்டும்" என்று மட்டும் சொன்னேன். ஊரில் சங்கக்கடையில் கணக்கெழுதினவர், இலக்கம் என்றால் விருப்பம். இப்போது காலைத் தேத்தண்ணியோடு அறிவிப்பு வருகிறது: "இண்டைக்குப் பதினொண்டு. எட்டரைக்கே துடங்குது." கறுப்பு என்ற சொல் அதில் இல்லை. மகளுக்கும் தானே எட்டிப் பார்த்து இலக்கம் வாசிக்க ஆசை.

தொப்பி வாங்கும்போது விளிம்பு அகன்றதாகப் பாருங்கள். பேஸ்போல் தொப்பி காதையும் பிடரியையும் மறைக்காது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிழலும் நீளக்கைச் சட்டையும்தான் முதலில். சிங்க் சேர்ந்த கிரீம்கள் எங்கள் தோலில் சாம்பல் பூசினதுபோல் நிற்கும், பிள்ளைகள் துடைத்துவிடுவார்கள். நிறம் தெரியாத கிரீம்களும் கடையில் உண்டு. சில பிள்ளைகள் கண்ணாடியில் பார்த்து "நான் வெள்ளையாயிட்டன்" என்று சந்தோஷப்படுவதும் உண்டு, அதைக் கேட்டால் சும்மா சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். கிரீமை வெளியில் போக 20 நிமிடத்துக்கு முன் பூசவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பவும் பூசவேண்டும் என்பதைத்தான் எல்லாரும் மறக்கிறோம், அதற்குப் போனில் அலாரம் வையுங்கள்.