ஒரு கணக்கு தப்பானால் நோட்டையே கிழிப்பீர்களா?

இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் கம்ப்யூட்டரில் டாஸ்க்பார் அசையவில்லை. எதைக் கிளிக் செய்தாலும் பதில் இல்லை. சில ஐகான்கள் வெறும் வெள்ளைத் தாளாக நின்றன. வெளியூரில் இருக்கும் மகனிடம் சொன்னேன். "கடையில குடுத்துடுங்கப்பா, ஃபார்மட் பண்ணித் தருவாங்க" என்றான்.

இரண்டு வருடம் முன்பு இப்படித்தான் கொடுத்தேன். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த பள்ளி ஆண்டு விழாப் படங்கள் போயின. என் வீட்டம்மா கடைசியாகக் கிரிவலம் போனபோது எடுத்த வீடியோவும் போனது. "சி டிரைவ்ல இருந்தா போயிடும் சார்" என்றார்கள், எல்லாம் முடிந்த பிறகு!

இந்த முறை கொடுக்கவில்லை. பழைய மாணவி ஒருத்தி போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'விண்டோஸ் எக்ஸ்புளோரர்' மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். டாஸ்க்பார் ஒரு நொடி மறைந்து, உயிரோடு திரும்பி வந்தது. டாஸ்க்பாரையும் டெஸ்க்டாப்பையும் காட்டுவது அந்த ஒரு புரோகிராம்தான். அதை மறுபடி தொடங்கினால் நம் ஃபைல் எதுவும் அழியாது.

வெள்ளை ஐகானும் பெரிய நோய் இல்லை. ஐகான் படங்களை விண்டோஸ் தனியாக ஒரு இடத்தில் சேர்த்து வைக்கிறது. அது கெட்டுப்போனால் நீக்கிவிடலாம், தானே புதிதாக உண்டாக்கிக்கொள்ளும்.

'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தாலும் பதறாதீர்கள். ஒரு புரோகிராம் 5 நொடி பதில் தராவிட்டாலே விண்டோஸ் அப்படிச் சொல்லிவிடும். சில நிமிடம் காத்திருங்கள். அப்படியும் அசையாவிட்டால் 'எண்ட் டாஸ்க்'. அதில் சேமிக்காத வேலை மட்டும்தான் போகும்.

டாஸ்க் மேனேஜர் 1996இல் விண்டோஸ் என்டி 4.0 உடனேயே வந்துவிட்டது. இத்தனை வருடமாக நமக்கு யாரும் சொல்லவில்லையே, ஏன்?

ஃபார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைரஸ் புகுந்தால் தேவைப்படலாம். ஆனால் அது கடைசி வழி. அதற்கும் முன்னால் காப்பி எடுத்தாக வேண்டும். எடுக்காமல் கை வைப்பதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை, சோம்பேறித்தனம்.

பிள்ளைகளே, கடைக்காரர் மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை. "வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது. வகுத்தல் வராத உங்களை நான் அப்படிச் சொல்லியிருந்தால்? தப்பான வரியைக் கண்டுபிடித்து, அதை மட்டும் அடித்துத் திருத்தத்தானே சொல்லிக்கொடுத்தேன்? யார் நோட்டையாவது கிழித்தேனா?

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் அவர்கள் படங்களைப் பென்டிரைவில் காப்பி எடுங்கள். பிறகு அந்த மூன்று பட்டன்களைச் சொல்லிக்கொடுங்கள். நீங்களே அழுத்திவிடாதீர்கள், அவர்கள் விரலால் அழுத்தட்டும்.

வீட்டுப்பாடம் முடித்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். வருகைப்பதிவு எடுப்பேன்.