மக்ரித்தின் துணியும் நம் துப்பறிதலும்

ரெனே மக்ரித்தின் 'காதலர்கள்' (1928) ஓவியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுத்த வரியிலேயே ஓர் ஆறும் ஒரு பிணமும் வந்துவிடுகின்றன. 1912 பிப்ரவரியில், பெல்ஜியத்தின் ஷாத்லே ஊரில், அவருடைய தாய் ரெஜினா சாம்பர் ஆற்றில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டார். உடல் மார்ச்சில்தான் கிடைத்தது. இரவு உடை மேலேறி முகத்தை மூடியிருந்தது, 13 வயது மகன் அதைக் கண்டான், ஓவியத்திலுள்ள துணி அதுவே என்று கதை முடிகிறது.

வகுப்பில் இதை நானும் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் மௌனமாகிவிடுவார்கள். அந்த மௌனத்தை ரசனை என்று எண்ணிக்கொண்டேன். ஒருமுறை ஒரு மாணவி, "அப்படியென்றால் ஆணின் முகம் ஏன் மூடியிருக்கிறது, ஐயா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஓவியத்தைப் பார்ப்போம். கோட்டும் டையும் அணிந்த ஆண். சிவப்பு உடையில் பெண். இருவர் தலையிலும் வெளிறிய துணி. துணியின் வழியே முத்தம். சுற்றிலும் சுவர்கள், மேலே பூச்சு விளிம்போடு கூரை. ஆறு எங்கே? துணியின் மடிப்புகளோ நன்றாக உலர்ந்திருக்கின்றன. அதே ஆண்டில் வரைந்த, இன்று கான்பெராவில் இருக்கும் மற்றொரு 'காதலர்க'ளில், முகம் மூடிய இணை புகைப்படக்காரர் முன் நிற்பதுபோலக் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கிறது, பின்னால் பசுமை. இங்கே நீரில் இறந்த தாயை எப்படிப் பொருத்துவது?

சிறுவன் அந்தக் காட்சியைக் கண்டான் என்பதையே ஆய்வாளர் டேவிட் சில்வெஸ்டர் ஐயுற்றார். மக்ரித்தோ தம் படங்களுக்கு உளப்பகுப்பாய்வு விளக்கம் தருவதையே வெறுத்தவர்.

வாழ்க்கை வரலாறே வேண்டாம் என்பதன்று என் வாதம். ஃபாந்தோமா என்னும் முகமூடிக் குற்றவாளியின் கதைகளில் திளைத்தவர் மக்ரித். அவர் தந்தை தையற்காரர், துணி வணிகர். துணியை வாழ்க்கையிலிருந்துதான் எடுத்தாக வேண்டுமென்றால் வீடு நிறையத் துணி இருந்தது. ஆனால் அதில் மரணம் இல்லையே, யார் கேட்பார்கள்?

எனக்கு உறுத்துவது இன்னொன்று. மணத்துக்கு முன் பெண்களுக்கான தொப்பிகள் செய்து வாழ்ந்தவர் ரெஜினா. அவருக்கு என்ன துயரம் என்று நாம் கேட்பதில்லை. மகனின் படத்துக்குத் துப்பாக, ஓர் இரவு உடையாக மட்டும் அவரை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆண்டு எதுவும் சொல்லாமல் படத்தை மட்டும் திரையில் காட்டினேன். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இவர்களுக்கு மூச்சு முட்டாதா?" அன்று மணி அடித்த பின்னும் பேசிக்கொண்டிருந்தோம்.